தெங்கேராக் குருவி வீட்டுக்காரர்

மலாக்கா நகரின் வடமேற்கே கடலோரமாக நீண்டு கிடக்கும் தெங்கேராவுக்கு வெளியூரார் வருவது 1728-ஆம் ஆண்டுப் பள்ளிவாசலையும், அதன் வளாகத்தில் அடங்கியுள்ள ஜொகூர் சுல்தான் உசேன் ஷாவின் கல்லறையையும் காண்பதற்காகவே எனினும், அங்குள்ள கடைவீட்டு வரிசைகளில் மாலைதோறும் இலவசமாகக் காணத்தக்கவர் ஒருவர் உண்டு. 'ஐந்தடி' எனப்படும் கூரையிட்ட நடைபாதைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தம் சொந்த மாடியில் தாமே இடித்த ஒரு துளையைக் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்திருக்கும் குருவி வீட்டுக்காரரே அவர்.

குருவி வீடு என்பது, மலாயில் வாலிட் என வழங்கும் உழவாரக் குருவிகள் தாமாக வந்து கூடு கட்டுவதற்கென இருட்டாக்கப்பட்ட கட்டடம். கிளையில் அமர உதவாத, சுவரைப் பற்றித் தொங்க மட்டுமே உதவும் கால்களைக் கொண்ட இப்பறவை, 'டிக் டிக்' என்ற தன் ஒலியின் எதிரொலியைக் கேட்டே இருளில் வழியறிந்து, நாவடிச் சுரப்பியில் ஊறும் எச்சிலை இழையிழையாக ஒட்டி, வெண்ணிற அரைக்கிண்ணம் போன்ற கூட்டை அமைக்கிறது. ஏறத்தாழ நூறு கூடுகள் சேர்ந்தால் ஒரு கிலோ. சீனர் சூப்பாகக் காய்ச்சிக் குடிக்கும் இதற்கு வெள்ளியும் நாணும் விலை. கூண்டு வேண்டாம், தீனி வேண்டாம். வேலையாளே தன் சாப்பாட்டைத் தேடிக்கொண்டு முதலாளிக்கும் சம்பளம் தரும் தொழில் இது ஒன்றுதான் என்பது இவருடைய கணக்கு.

தோட்டக் கிராணியாக ஓய்வுபெற்று, சேமநிதிப் பணத்தில் பழைய கடைவீடு வாங்கிய இவர், கீழ்த்தளத்தில் மனைவிக்கு ஒரு மின்விசிறி போதும் என்று முடிவு செய்தவர். மேல்தளத்திலோ வெப்பம் முப்பது டிகிரியைத் தாண்டாமலும் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருக்க நீர்த்திவலை தெளிக்கும் இயந்திரம் ஓடுகிறது. புதுமனைக்குச் சந்தனமும் மஞ்சள்நீரும் தெளிக்கும் மரபில் வந்தவர், பறவைக்குப் பழகிய வாசம் வேண்டுமென்று, வேறொரு குருவி வீட்டிலிருந்து விலைக்கு வாங்கிய எச்சத்தைக் கரைத்துச் சுவரெல்லாம் பூசினார். பல்லி சொன்னால் நல்ல சகுனம் என்று வாழ்ந்தவருக்கு, இப்போது பல்லி முட்டை திருடி. கூகை பரம வைரி. ஒலிபெருக்கியில் விடியல் முதல் ஒலிக்கும் குருவிக் கூச்சலில், வராத குருவிகளை விட முதலில் எழுந்து வருபவர்கள் அண்டை வீட்டாரே.

"அண்ணே, இன்னைக்கு எத்தன ஜோடி வந்துச்சு?" என்று காப்பிக் கடைக்குப் போகும் இளைஞன் கேட்டால், "அதெல்லாம் வாய்விட்டுச் சொல்லக் கூடாது தம்பி, கண்ணு பட்டுரும்" என்று குரலைத் தாழ்த்துவார். துளையருகே வட்டமிட்ட பறவை எதிர்ச்சாரியிலுள்ள போட்டிக்காரர் மாடிக்குள் நுழைந்துவிட்டால், அன்றிரவு இவர் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

உலக நடப்பும் இவரை விடவில்லை. 2008-இல் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் உலகப் பாரம்பரிய நகரங்களாக அறிவிக்கப்பட்டபின், பழைய கட்டடங்களை ஈரமாக்கி அரிக்கும் குருவி வீடுகள் பாரம்பரிய ஆர்வலர்களின் கண்ணில் உறுத்தின. 2011-இல் மலேசியக் கூடுகளில் நைட்ரைட்டு மிகுதி என்று சீனா இறக்குமதியை நிறுத்தியபோது விலை சரிந்தது. விற்பதற்குக் கையில் ஒரு கூடும் இல்லாத நிலையிலும், அச்சரிவில் தமக்கு ஏற்பட்ட நட்டத்தை இவர் ரிங்கிட்டுக் கணக்கில் ஒப்பிப்பார்.

ஆயினும் நேர்மையில் இவரைக் குறை கூற இயலாது. முட்டை பொரிந்து, குஞ்சு பறந்து சென்ற பின்னரே கூட்டைப் பெயர்க்க வேண்டும் என்னும் நன்னெறியை இவர் ஒருமுறையும் மீறியதில்லை. அதற்குக் காரணம் உயிரிரக்கம் என்று அவரும், பெயர்ப்பதற்குக் கூடே இல்லாமை என்று அவர் மனைவியும் கூறுகின்றனர். இரண்டாவது கூற்றே ஆதாரம் மிக்கது.