தாத்தாவின் தூண்டில் கோல்

கேள்வி: அவலாஞ்சியில் தாத்தா ட்ரௌட் பிடித்த மூங்கில் ஃப்ளை ராட் பரணில் கிடைத்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து ஹாலில் மாட்டலாமா?
– வாசகர், குன்னூர்

பதில்: முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள்! 1907-இல் அவலாஞ்சியில் ட்ரௌட் குஞ்சுபொரிப்பகம் வந்த காலத்து வாசனை வீசும் பொருள் அது. இதுபோன்ற கோல்களில் பெரும்பாலானவை சீனத்துக் குவாங்டாங்கில் விளையும் டோங்கின் மூங்கிலை ஆறு முக்கோணப் பட்டைகளாகச் சீவி, அறுகோணமாக ஒட்டியவை. மூங்கிலின் உரமெல்லாம் மேல்தோலை ஒட்டிய நாரில்தான். தேய்த்தால் அழுக்கோடு உயிரும் போய்விடும். பழைய பசை தண்ணீருக்கு இளகும். ஊறவைத்தால் ஆறு பட்டையும் ஆறு திசைக்குக் கிளம்பிவிடும்! பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்துங்கள். உலோக இணைப்பு இறுகியிருந்தால் முறுக்காமல் நேராக இழுக்க வேண்டும். பட்டு நூல் கட்டு பிரிந்த இடத்தில் மட்டும் புது நூல் சுற்றுங்கள். வார்னிஷ் பட்டால் பட்டின் நிறம் அடையாளம் தெரியாமல் மாறும். முதலில் வேறொரு குச்சியில் நூலைச் சுற்றி, வார்னிஷ் பூசிப் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடிக்கு மேலே மையால் எழுதிய பெயர் இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள், பாதி மதிப்பு அங்கேதான். மூலையில் சாய்த்தால் கூன் விழும். வெயில் படாத சுவரில், படுக்கைவாக்கில், நாலைந்து தாங்கிகள் கொடுத்து மாட்டுங்கள்.