மாவுப்பூச்சியியல்: மொட்டைமாடிச் செம்பருத்தியை முன்வைத்து

செம்பருத்தியில் மாவுப்பூச்சி ஒழியாதது ஏன் என்னும் வினாவுக்குத் தமிழாய்வுலகம் உரிய இடம் தரவில்லை. அக்குறை நீக்க எழுந்தது இவ்வாய்வு. களம், சைதாப்பேட்டைக்கு அருகே ஒரு மொட்டைமாடி. ஆய்வுப்பொருள், 3 தொட்டி அடுக்குச் செம்பருத்தி. காலம், சித்திரை முதல் நெறியாளர் பொறுமையிழந்த ஆடி வரை. நெறியாளர் கட்டுரையாளரின் மனைவி, நிதிநல்கையும் அவரே. கருவிகள்: ஸ்ப்ரே பாட்டில், பூதக்கண்ணாடி, பழைய டூத் பிரஷ். பிரஷ் பழையதுதானா என்பதில் நெறியாளர் மாறுபடுகிறார்: "போன வாரம் வாங்கினதுங்க அது."

மாவுப்பூச்சி யாதோவெனின், கோலப்பொடிக் கையைக் கொழுந்தில் துடைத்தாற்போல வெள்ளையாக அப்பிக்கிடப்பது. முதல், கரு, உரி என வகுத்துக் காண்போம். நிலம்: கொழுந்து, கணு, மொட்டின் கழுத்து, இலையின் அடிப்பக்கம், சுருங்கச் சொன்னால் ஸ்ப்ரே எட்டாத இடமெல்லாம். பெரும்பொழுது வேனில், அடைமழை இதற்கு ஆகாது. சிறுபொழுது ஆறும் உரித்து. உணவு செடியின் சாறு. உரிப்பொருள், ஒட்டலும் ஒட்டல் நிமித்தமும்.

தலைவிக்கு இறகில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உறிஞ்சி, பஞ்சுப் பை கட்டி, அதனுள் நூற்றுக்கணக்கில் முட்டையிடுவாள். தலைவனுக்கு இறகுண்டு, உண்ணும் வாயில்லை. சில நாள் பறந்து, தலைவியைக் கண்டு, பட்டினியாகவே மாள்வான். உணவு செல்லாமை காதலின் மெய்ப்பாடு என்பது நம் மரபு. அதை இவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் தலைவன் அகப்பாடல்களிலும் அரிது.

பாங்கன் எறும்பு. பாங்கன் என்பதைவிடப் பால்காரன் என்பதே பொருந்தும். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீரைக் கறந்து குடித்துவிட்டு, அதற்குக் கூலியாகக் காவல் காக்கும். எதிரி நெருங்கினால் கடித்து விரட்டும். குடித்தது போக இலையில் சொட்டியதில் கரும்பூசணம் படர, செடி அடுப்படியில் வளர்ந்ததுபோல் ஆகிவிடும்.

இனி முன்னாய்வுகள். இத்துறையில் எல்லாம் வாய்மொழி மரபே. கீழ்வீட்டு அக்கா சாம்பல் பள்ளியைச் சேர்ந்தவர். எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்பு வந்தபின் அப்பள்ளி நலிந்துவிட்டது. மோர்ப் பள்ளியினர் புளித்த மோரைத் தெளிக்கச் சொல்வர். தெளித்ததில் நெறியாளர் மாடிக்கு வருவது நின்றது. பூச்சி நின்றபடியே இருந்தது. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்த கரைசலைச் சோதிக்க முடியவில்லை. அரைத்த விழுது குருமாவுக்கெனப் பறிமுதலாயிற்று.

ஓரளவு தர்க்கம் உடையது வேப்பெண்ணெய்ப் பள்ளி: லிட்டருக்கு 5 மி.லி., வெயில் தாழ்ந்தபின். பூச்சியின் மேலுள்ள வெள்ளை மாவல்ல, மெழுகு. வெறுந்தண்ணீர் தாமரையிலையில் போல உருண்டோடிவிடும். ஆகவே எண்ணெயில் சோப்புக் கரைசலைக் குழைத்து, பால்போல் வெளுத்த பின்னரே தண்ணீர் சேர்க்க வேண்டும். சோப்பு எதற்கு வீண்செலவு என்று கட்டுரையாளர் முதல் வாரம் அதைத் தவிர்த்தார். எண்ணெய் மேலே மிதக்க, பாட்டிலின் குழாய் அடித்தண்ணீரை மட்டும் உறிஞ்ச, பூச்சிகள் நாள்தோறும் குளித்தன. கடைசியில் தண்ணீர் தீர்ந்து சுத்த எண்ணெய் வந்த வேளையில் காற்று திரும்பியது. அந்தச் சட்டையில் இன்றுவரை எந்தப் பூச்சியும் அண்டவில்லை.

களம் சைதாப்பேட்டைக்கு அருகே அமைந்ததற்கு வரலாற்று நியாயம் உண்டு. மாவுப்பூச்சிக்குப் பங்காளி முறையில் காக்சினீல் என்றொரு பூச்சி. அதுவும் வெண்பொடி பூசிக்கொண்டுதான் சப்பாத்திக்கள்ளியில் ஒட்டிக்கிடக்கும். நசுக்கினால் இரத்தச் சிவப்பு. ஆங்கிலேய அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்குச் சாயம் அதுதான். மெக்சிகோவைக் கையில் வைத்திருந்த ஸ்பெயின்காரர் அதைப் பொத்திப் பொத்திக் காத்தனர். கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், அப்பூச்சியைச் சென்னையிலேயே கண்டுவிட்டதாக 1786-இல் லண்டனிலிருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார். அது வேறு பூச்சி. மனிதர் தளரவில்லை. அசல் வந்தால் தின்னக் கள்ளி வேண்டுமே என்று சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டமே போட்டார். இலை போட்டாயிற்று, விருந்தாளிதான் வரவில்லை. 1795-இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவில் வந்திறங்கியதும் மட்டரகம். சாயம் தேறவில்லை, கள்ளி தீர்ந்ததே மிச்சம்.

கம்பெனியே அழைத்தும் வராத குலம், கட்டுரையாளர் வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வைக்காமலே வந்திருக்கிறது. இதைப் பெருமையாகக் கொள்ளலாமா என்று கேட்டதற்கு நெறியாளர் பதில் தரவில்லை.

அண்மைக்கால வரலாறும் உண்டு. 2008-இல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று பரவியது. மருந்தடித்து மாளவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து 1 மி.மீ. கூடத் தேறாத ஒரு குளவியைத் தருவித்துப் பறக்கவிட்டார்கள். அது பூச்சிக்குள் முட்டையிட, குஞ்சு உள்ளிருந்தே தின்று கணக்கை முடித்தது. இந்தச் செய்தியைக் கட்டுரையாளர் சித்திரையிலேயே படித்திருந்தால் பின்வரும் இயல் எழுதப்பட்டிராது.

ஆனி மாதத்தில் இரண்டாம் தொட்டியில் புதிய இனம் ஒன்று தென்பட்டது. வழக்கமான பூச்சி 3, 4 மி.மீ.; இதுவோ ஏறக்குறைய அரை அங்குலம். உடம்பெங்கும் வெள்ளை மெழுகு நூல் தொங்க, முடி வெட்டாத சடைநாய்க்குட்டிபோல் இருந்தது. மற்றவை அசையாமல் கிடக்க, இது கிளை கிளையாக ஓடியது. எல்லாவற்றுக்கும் இதுவே தாய் என்று முடிவு கட்டிய கட்டுரையாளர், 'அரச மாவுப்பூச்சி' எனப் பெயரிட்டு, மூன்று நாளில் 41 எண்ணத்தைப் பிரஷ்ஷால் தள்ளிச் சோப்புத்தண்ணீர் டப்பாவில் மூழ்கடித்தார். அடுத்த வாரமே சிறியவை இருமடங்காயின. படையெடுப்பு அரசியை இழந்த ஆத்திரத்தால் நிகழ்ந்தது என்று ஒரு கருதுகோளும் உருவாயிற்று.

42-ஆவதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது சிறியதொன்றைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்பதையே தொழிலாகக் கொண்ட இத்தகைய வண்டொன்றைக் காப்பித் தோட்டப் பூச்சிகளுக்காக 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். புழுப்பருவத்தில் இரையைப் போலவே மெழுகு வேடம் பூணும். எறும்புக் காவலுக்குத் தப்ப அது உதவும். எறும்பிடம் செல்லும் வேடம் கட்டுரையாளரிடம் மட்டும் செல்லாமல் போகுமா?

விளக்கம் கேட்ட நெறியாளர் ஒரே வினாதான் எழுப்பினார்: "அப்போ மூணு நாளா நீங்க எந்தக் கட்சிக்கு வேலை பார்த்தீங்க?"

திருத்திய செயல்முறை வருமாறு. அப்பிய கிளைகளைக் கவாத்து செய்து பையில் கட்டி வெளியேற்றியாயிற்று. தொட்டிகளைத் தண்ணீர்த் தட்டில் செங்கல் வைத்து அதன்மேல் ஏற்றியதில் எறும்புகளுக்குப் பால் வியாபாரம் படுத்தது. ஸ்ப்ரே நிறுத்தம். 42-ஆவது, மூன்றாம் தொட்டியில் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது; காகம் வராமல் கட்டுரையாளர் காலையும் மாலையும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறார். நேற்று ஒரு பூ பூத்தது. அதன் கழுத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளி இருந்ததால் பறிக்க அனுமதி தரவில்லை. அது 42-இன் காலை உணவு. சாமிக்கு 20 ரூபாய்க்குத் தெருமுனைப் பூக்காரம்மாவிடம் வாங்கப்பட்டது.