கூப்பிடாதே பட்டியல்

இத்தாலியின் பாலெர்மோ நகரில் உள்ள கால்சா, பத்தாம் நூற்றாண்டில் அரபு ஆட்சியாளர்கள் எழுப்பிய கோட்டைப் பகுதி. 'அல்-காலிசா' என்றால் கலப்பில்லாதது, தூயது. அந்தத் தூய பேட்டையிலும் மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் போன் அடிக்கும். கரண்ட் கட்டணத்தைக் குறைக்கிறோம் என்று ஒரு தேன்குரல் உருகும்.

வேண்டாம் என்று சொல்ல அரசே அங்கே ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. 2011இல் தொடங்கியது. கைபேசிக்கு அதில் இடம் கிடைத்தது 2022 ஜூலையில்! சட்டைப் பையில் இருந்ததால் கண்ணில் படவில்லை போலும். இப்போது பெயர் ஏறிவிட்டால், என்றோ ஏதோ கடையில் அசட்டையாக டிக் அடித்த சம்மதமும் செல்லாது. விற்பனைக்காரர்கள் தங்கள் எண் பட்டியலை இந்தப் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சலிக்க வேண்டும்; ஒருமுறை சலித்தது 15 நாளுக்குத்தான் செல்லும். அரிசியில் கல் பொறுக்குகிற வேலை. யாருக்குப் பொறுமை இருக்கிறது?

2020இல் இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் டிம் என்ற தொலைபேசி நிறுவனத்துக்குப் போட்ட அபராதம் 2.78 கோடி யூரோ. தன் 'கூப்பிடாதே' பட்டியலையே அந்த நிறுவனம் ஒழுங்காக வைத்திருக்கவில்லை. ஒருவரை ஒரே மாதத்தில் 155 முறை அழைத்திருக்கிறார்கள். நாளுக்கு ஐந்து. வெளியூரில் இருக்கும் மகனைப் பெற்ற தாய்கூட 'சாப்பிட்டாயா' என்று அத்தனை தடவை கேட்பதில்லை.

நம் நாட்டில் இப்படி 'வேண்டாம்' என்று சொல்வதற்கான எண் 1909. பதிந்துவையுங்கள். அப்புறமும் மணி அடித்தால், புகாருக்கும் அதே எண்தான்.