வீட்டோடு மாப்பிள்ளை

அயர்லாந்துக்கு ஒரு வீட்டோடு மாப்பிள்ளை வாய்த்திருக்கிறார். பெயர் டேட்டா சென்டர். டப்ளினைச் சுற்றி, கிளோன்டால்கின், கிளோனி பக்கமெல்லாம் ஜன்னலில்லாத பெரிய கொட்டகைகளில் குடியிருப்பு. 2015-ல் நாட்டு மின்சாரத்தில் 5 சதவீதம்தான் சாப்பிட்டார். அப்போது கூச்ச சுபாவம். 2023-ல் 21 சதவீதம். அந்த ஆண்டு நகர்ப்புற வீடுகள் அத்தனையும் சேர்ந்து தொட்டது 18. இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கரண்டியோடு நிற்கிறது அரசாங்கம்.

பசியைக் குறை சொல்லலாமா? ஏ.ஐ.க்கென்று என்விடியா விற்கும் சர்வர் ரேக் ஒன்று, பீரோ அளவுதான் இருக்கும், 120 கிலோவாட் கேட்கிறது. ஏறக்குறைய 250 ஐரிஷ் வீடுகளின் மின்சாரம். தின்றதெல்லாம் சூடாகத்தான் வெளியே வரும். அதைத் தணிக்க மேற்கொண்டு மின்சாரம். இந்த மேல்செலவு குறைந்தால் சமர்த்து என்று பாராட்ட பி.யூ.இ. என்றொரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 2007-ல் மாப்பிள்ளை வீட்டாரே செய்துகொண்டது. சர்வர் வேலையே இல்லாமல் சும்மா கிடந்து தின்றாலும் அது உருப்படியான கணக்கில்தான் சேரும். எவ்வளவு தின்றாய், எதற்குத் தின்றாய் என்று பி.யூ.இ. கேட்பதில்லை. அப்படிக் கேட்கிற அளவுகோலை யார் செய்துவைப்பார்கள்?

சரி, மின்தொகுப்பு திணறியபோது யாரைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள்? சொந்தப் பிள்ளைகளை. மாலை உச்ச நேரத்தில் வாஷிங் மெஷினைப் போடாதீர்கள் என்று 2022-ல் வீடுகளுக்கு உபதேசம். ஐரோப்பாவில் அதிக மின்கட்டணம் கட்டுகிறவர்களின் வரிசையில் நிற்பவர்களுக்கு! டப்ளினில் 2028 வரை புது இணைப்பு சிரமம் என்று மின்தொகுப்பை நடத்தும் ஈர்கிரிட் கைவிரித்தது. மாப்பிள்ளை அசரவில்லை, எரிவாயுக் குழாய்க்கு மனுப்போட்டார்.

மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்டால், நாங்கள் முழுக்கப் பசுமை என்பார்கள். வருஷம் முழுக்க வாங்கிய காற்றாலைச் சான்றிதழ்களைக் கூட்டிக் காட்டுவார்கள். காற்றே வீசாத ஜனவரி ராத்திரியில் சர்வரை ஓட்டுவது எரிவாயு. சான்றிதழைக் கொளுத்தினாலும் கொஞ்ச நேரம் எரியும், மறுப்பதற்கில்லை.

சம்பந்தி வீட்டார் மனம் கோணக்கூடாது என்பதில் இந்த மாமனார் படு கெட்டி. ஆப்பிளிடம் 1,300 கோடி யூரோ வரி பாக்கியை வசூலித்துக்கொள் என்று 2016-ல் ஐரோப்பிய ஆணையம் உத்தரவிட்டது. ஐயோ, அந்தக் காசு எங்களுக்கு வேண்டாம் என்று அயர்லாந்து கோர்ட்டுக்குப் போனது. தன் கஜானாவுக்கு எதிராகத் தானே எட்டு வருஷ வழக்கு! 2024-ல் ஐரோப்பிய நீதிமன்றம் காசைக் கையில் திணித்து அனுப்பியது. அதென்ரை என்ற ஊரில் அதே ஆப்பிள் கட்டவிருந்த டேட்டா சென்டருக்கு ஓரிருவர் ஆட்சேபம் சொன்னார்கள். வழக்கு இழுத்தது; 2018-ல் ஆப்பிள் கோபித்துக்கொண்டு போய்விட்டது. அதே வருஷம், டேட்டா சென்டரெல்லாம் கேந்திர முக்கியத்துவமுள்ள கட்டுமானம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். குடியிருக்க வீடு கிடைக்காமல் டப்ளினில் அலைகிற இளசுகளுக்கு இந்தச் சுறுசுறுப்பில் கால்வாசி காட்டியிருக்கலாம். அவர்கள் சொந்தப் பிள்ளைகள்தானே, எங்கே போய்விடப் போகிறார்கள்!

மாப்பிள்ளை நன்றிகெட்டவர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். டாலா பகுதியில் அமேசான் சென்டரின் கழிவு வெப்பம் 2023 முதல் உள்ளாட்சி அலுவலகத்தையும் பல்கலைக்கழக வளாகத்தையும் கதகதப்பாக வைத்திருக்கிறது. பில்லுக்குப் பயந்து ஹீட்டரை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்கள் பஸ் பிடித்துப் போய் அங்கே குளிர் காயலாம். அலுவலக நேரத்தில் மட்டும்.