ஊறுகாயும் கருந்துளையும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு என் மனைவி ஒரு துணிப்பையையும் ஒரு கட்டளையையும் கொடுத்தாள். "வாக்கிங் முடிஞ்சதும் நேரா தெற்கு மாட வீதி. மாவடு ரெண்டு கிலோ. உருண்டையா, காம்போட இருக்கணும். எட்டு மணிக்கு மேல போனா எல்லாரும் பொறுக்கிப் போட்ட மிச்சம்தான் கிடைக்கும்." ஊறுகாய் ஜாடியைக் கழுவிப் பால்கனி வெயிலில் கவிழ்த்து வைத்திருப்பதையும் காட்டினாள். தப்பிக்க வழியில்லை என்று அர்த்தம்.

லஸ் சர்ச் ரோடு நாகேஸ்வர ராவ் பூங்காவில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து நடப்போம். நடப்பது என்பது டாக்டரிடம் சொல்லிக்கொள்வதற்கான வார்த்தை. அம்ருதாஞ்சனை ஆரம்பித்த காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரில் இருக்கும் பூங்கா அது. எங்கள் பேச்சைப் பத்து நிமிஷம் கேட்டவர்களுக்குப் பெயர்ப் பொருத்தம் தானாக விளங்கும்.

அன்றைக்குத் தலைவலியைக் கிளப்பியவன் இன்கம்டாக்ஸ் மாமாவின் பேரன். ஐ.ஐ.டி.யில் படிக்கிறான். ஹாஸ்டல் சாப்பாடு அலுத்துப்போகும் ஞாயிறுகளில் அடையாறிலிருந்து பஸ் ஏறித் தாத்தா வீட்டு இட்லிக்கு வந்துவிடுவான். இட்லிக்கு முன்னால் நடை என்பது தாத்தாவின் நிபந்தனை. முதல் சுற்றிலேயே என்னைப் பார்த்து, "அங்கிள், மாடர்ன் சயின்ஸ் ஃபிக்‌ஷன் படத்துல பெஸ்ட் எது?" என்றான்.

"எந்திரன்" என்று சொல்லிவிட்டு நடந்திருந்தால் எட்டு மணிக்குள் மாவடு வாங்கியிருப்பேன். சொல்லத்தான் சொன்னேன். நடக்க விடவில்லை.

"மாடர்ன்னா எந்த வருஷத்துலேர்ந்து?" என்றார் மாமா. "கட்-ஆஃப் தேதி இல்லாம அசெஸ்மென்ட் பண்ண முடியாது." முப்பது வருஷ சர்வீஸ் அப்படிப் பேச வைக்கிறது என்று நினைத்தேன். உள்நோக்கம் வேறு. கட்-ஆஃப் 1963க்கு முன்னால் விழ வேண்டும் என்பதுதான் அவர் கவலை. அந்த வருஷம் வந்த 'கலை அரசி'யை அவர் பையனாக இருந்தபோது பார்த்தவர். பறக்கும் தட்டு, வேற்றுக் கிரகம், அங்கிருந்து வந்து இறங்கும் நம்பியார், கடத்தப்படும் பானுமதி, மீட்கப் போகும் எம்.ஜி.ஆர். ஆர்ம்ஸ்ட்ராங் நிலாவில் கால் வைப்பதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே எம்.ஜி.ஆர். அதைவிடத் தூரம் போய்ச் சண்டையும் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்.

அந்தக் கிரகவாசிகளிடம் எல்லாம் இருக்கிறது, கலை மட்டும் இல்லை. அதனால் பூமியின் சிறந்த பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கற்பனை பிரமாதம், திட்டமிடல்தான் போதாது. மார்கழியில் மயிலாப்பூரில் இறங்கியிருந்தால் யாரையும் கடத்த வேண்டியிருந்திருக்காது. சான்ஸ் கேட்டு சபா வாசலில் நிற்கும் வரிசையே தம்புராவோடு தட்டில் ஏறியிருக்கும். நம்பியாருக்கு கேன்டீன் தவலை அடை மிச்சம்.

"பறக்கும் தட்டு வந்துட்டா சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஆயிடுமா? முதல்ல டெஃபனிஷன் வேணும்" என்று குறுக்கே வந்தார் ஃபிசிக்ஸ் சார். ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர். தெருவில் எதிரே வரும் மாட்டைப் பார்த்தாலும் மனசுக்குள் மார்க் போடுபவர். நடையை நிறுத்தி மூன்று விரலை மடக்கினார். ஒன்று, அதிசயம் வரத்தால் நடக்கக் கூடாது, காரணத்தால் நடக்க வேண்டும். இரண்டு, அந்தக் காரணம் கட்டுக்கதையாக இருக்கலாம். ஆனால் போட்ட விதியைப் படம் கடைசி ரீல் வரை காப்பாற்ற வேண்டும். மூன்று, அறிவியலை உருவிவிட்டால் கதை பொலபொலவென்று விழ வேண்டும்.

நல்ல விதிகள். இன்றைக்கும் நான் கையெழுத்துப் போடுவேன். அவற்றை அமல்படுத்த ஆரம்பித்ததில்தான் வம்பு.

'எந்திரன்' மூன்றாவது விதியில் பாஸ். சிட்டியை உருவிவிட்டால் மிஞ்சுவது தாடி வைத்த ஒரு விஞ்ஞானியும் காத்திருந்து சலித்த ஒரு காதலியும். "ஒரு டெரா ஹெர்ட்ஸ் வேகம், ஒரு ஜெட்டாபைட் மெமரி, எல்லாம் சரி. கொசுகிட்ட பேச்சுவார்த்தை நடத்துதே, அது எந்த சயின்ஸ்?" என்றார் சார். இந்த ஊரில் குடியிருப்பவனுக்கு அந்தப் படத்திலேயே யதார்த்தமான காட்சி அதுதான். ஒரு கொசுவைப் பிடிக்க ஒரு டெரா ஹெர்ட்ஸ் போதுமா என்பதுதான் என் சந்தேகம் என்றேன். பேரன் கிளிமாஞ்சாரோ பாட்டை இழுத்தான். ஆப்பிரிக்க மலையின் பெயரைச் சொல்லிப் பாடிக்கொண்டே தென் அமெரிக்காவில், மாச்சு பிச்சுவில் ஆடுகிறார்கள். அட்லாண்டிக் கடலையே மடித்து இடுப்பில் செருகியாயிற்று. வெளியை இதற்கு மேல் யார் வளைக்க முடியும்?

'2.0'வில் செத்துப்போனவர் திரும்பி வந்து பழி வாங்குகிறார். அதை ஆவி என்று சொன்னால் பேய்ப்படம், 'ஆரா' என்று சொன்னால் அறிவியல். ஓர் எழுத்து வித்தியாசத்தில் சான்றிதழ்.

'மாநாடு' முதல் விதியிலேயே மாட்டியது. ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிற கதை. காரணம் என்னவென்று பார்த்தால் உஜ்ஜயினியில் கால பைரவர் கோயிலில் நாயகன் பிறந்தது. "அப்ப இது பக்திப் படம்" என்று தீர்ப்பெழுதினார் சார். எனக்கு அந்தப் படத்தின் மேல் தனிப் பாசம் உண்டு. காரணம், நான் தினமும் அதில்தான் நடக்கிறேன். மூன்றாவது சுற்றில் அதே பெஞ்சைத் தாண்டும்போது மாமா அதே குரலில், "மாடர்ன்னா எந்த வருஷத்துலேர்ந்து?" என்றார்.

இந்த நேரம் பார்த்து பேங்க்காரர் 'மாயா பஜா'ரை இறக்கினார். 1957. "மூடியைத் திறந்தா மனசுக்குப் பிடிச்சவங்க முகம் தெரியுற பெட்டி. அதுக்குள்ளயே பாட்டும் பாடிக்கிறாங்க. நான் தினம் ராத்திரி எட்டரைக்கு நியூ ஜெர்சியில இருக்கிற பொண்ணை இதுல பாக்கறேன்" என்று செல்போனைத் தூக்கிக் காட்டினார். "அவங்க பெட்டி இதைவிட ஒசத்தி. 'நெட்வொர்க் சரியில்லப்பா'ன்னு ஒரு தடவைகூட சொல்லல."

சாருக்கு வாய் அடைத்துவிட்டது. ஏனென்றால் அளவு கடந்து முன்னேறிவிட்ட தொழில்நுட்பத்துக்கும் மந்திரத்துக்கும் வித்தியாசம் தெரியாது என்று சொன்னவர் சாருடைய குலதெய்வமான ஆர்தர் கிளார்க். 1956லிருந்து இலங்கையிலேயே தங்கிவிட்டவர். சுஜாதா மறைந்தது 2008 பிப்ரவரி 27. கிளார்க் மறைந்தது மார்ச் 19. நடுவில் இருபத்தோரு நாள். அந்த வருஷம் என்னைப் போல பஸ்ஸில் விஞ்ஞானக் கதை படித்து ஸ்டாப்பைத் தவறவிட்டவர்களுக்கு இரண்டு தடவை தீட்டு. 'என் இனிய இயந்திரா' நடப்பதாக சுஜாதா எழுதிய 2020கள் வந்தே விட்டன. அதில் வரும் இயந்திர நாய் ஜீனோவைத்தான் காணோம். எங்கள் தெருவில் இருக்கும் நாய்கள் எதற்கும் பேட்டரி தேவைப்படுவதாகத் தெரியவில்லை. 'எந்திர'னுக்கு வசனம் எழுதியவர், சிட்டி திரையில் கண் திறந்ததைப் பார்க்காமல் போனது எனக்கு இன்னமும் ஆறவில்லை.

நான்காவது சுற்றில் ஒன்று புரிந்தது. இது வகைமைச் சண்டையே இல்லை, வார்டு எல்லைச் சண்டை. மயிலாப்பூர் எங்கே முடிகிறது என்று இந்தப் பூங்காவில் கேட்டுப் பாருங்கள். மந்தைவெளியில் ஃப்ளாட் விற்பவர் விளம்பரத்தில் மயிலாப்பூர் என்றுதான் போடுவார். ஆழ்வார்பேட்டைக்காரர் அறுபத்து மூவர் அன்றைக்கு மட்டும் மயிலாப்பூர்க்காரர். நாலு தலைமுறையாக மாட வீதியில் இருப்பவருக்கு லஸ்ஸே வெளியூர். யார் கோடு போட்டாலும் அவரவர் வீடு மட்டும் உள்ளே விழுந்துவிடும். படமும் அப்படித்தான். பேரன் கோடு போட்டால் உள்ளே இருப்பது 2004ல் வந்த 'ப்ரைமர்' ஒன்றுதான்; 7000 டாலரில் எடுத்த காலப்பயணப் படம். "புரிஞ்சா அது சயின்ஸ் ஃபிக்‌ஷனே இல்ல" என்பது அவன் கட்சி. பேங்க்காரர் கோடு போட்டால் '12பி'யும் உள்ளே. பஸ்ஸைப் பிடித்தால் ஒரு வாழ்க்கை, தவறவிட்டால் இன்னொரு வாழ்க்கை. "இதுல மெஷின் எங்க இருக்கு?" என்றார் சார். "பஸ் மெஷின் இல்லாம மாட்டு வண்டியா?" என்றார் இவர்.

என் கோடு எங்கே என்று கேட்டால், உண்மையில் 'எந்திர'னைவிட 'இன்று நேற்று நாளை'யைச் சுற்றித்தான் போடுவேன். 2015ல் ரவிக்குமார் எடுத்தது. 2065லிருந்து ஒரு காலயந்திரம் நம் ஊருக்கு வந்து சேர்கிறது. ஹாலிவுட்காரன் கையில் கிடைத்தால் உலகத்தைக் காப்பாற்றப் புறப்பட்டிருப்பான். நம் ஆட்கள் இருவரும் அதை வைத்து ஜோசியக் கடை நடத்துகிறார்கள். காணாமல் போன பொருள் எங்கே இருக்கிறது என்று நேற்றுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வது, காசு வாங்குவது. அந்த ஓர் இடத்துக்காகவே படத்தின் மற்ற ஓட்டைகளை மன்னித்துவிட்டேன். வந்த யந்திரம் எதுவாக இருந்தாலும், அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுத்தானே நாம் ஸ்டார்ட் செய்கிறோம்! விதியையும் அந்தப் படம் பெரும்பாலும் காப்பாற்றியது. நேற்றில் கை வைத்ததற்கு இன்றைக்கு அடி வாங்குகிறார்கள். சார் ஐம்பதுக்கு முப்பத்தெட்டு போட்டார். அவர் கையில் அது டிஸ்டிங்ஷன்.

"எல்லாம் சரி அங்கிள், 'இன்டர்ஸ்டெல்லார்' முன்னால நிக்குமா?" என்றான் பேரன்.

இங்கே ஒரு வாக்குமூலம். 2014ல் அந்தப் படத்துக்கு மனைவியோடு போனேன். ஏசி குளிர், முதல் நாள் இரவு உறவினர் கல்யாண ரிசப்ஷன். இடைவேளைக்குச் சற்று முன்னால் கண் அசந்தது. விழித்தபோது ஒருவர் புத்தக அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டே புத்தகங்களைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். அறையில் அவர் மகள். போன அப்பா வீட்டைவிட்டுப் போக மனசில்லாமல் பொருளை உருட்டிச் சேதி சொல்கிறார். சந்தேகமே இல்லாமல் பேய்ப்படம் என்று முடிவு கட்டினேன். அந்தப் பெண்ணே சின்ன வயசில் அதைப் பேய் என்றுதான் சொல்லுமாம், பிறகு மனைவி சொன்னாள். ஆக, நான் பாதி தூங்கியும் சரியாகத்தான் பிடித்திருக்கிறேன்.

ஆனால் பூங்காவில் இதைச் சொல்ல முடியுமா? அதற்குள் மாமா குரலை உயர்த்திவிட்டார்: "அதுவும் நம்ம மயிலாப்பூர்ப் படம்தான்டா!"

வாதம் இப்படிப் போயிற்று. படத்தின் உயிர் கார்கன்டுவா என்ற கருந்துளை. சூரியனைவிடப் பத்து கோடி மடங்கு எடை என்று வைத்து, கிப் தோர்ன் என்ற இயற்பியலாளர் கொடுத்த சமன்பாடுகளை வைத்து வரைந்தது. 2017ல் நோபல் வாங்கியவர் அவர். ஆனால் நட்சத்திரம் இடிந்து விழும் சமாசாரத்துக்கு மூலப்பத்திரம் யாரிடம்? எஸ். சந்திரசேகரிடம். 1930ல், பத்தொன்பது வயசில், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் போட்ட கணக்கு: வெள்ளைக் குறுமீன் ஒன்று ஓர் எல்லைக்கு மேல், இன்றைய கணக்கில் சூரியனைப் போல 1.4 மடங்குக்கு மேல், கனத்தால் நின்று பிடிக்காது. நோபல் வாங்கிய 1983லேயே கருந்துளைகளின் கணிதத்துக்கு ஒரு தலையணைப் புத்தகமும் போட்டார். அவர் வளர்ந்த வீடு சந்திர விலாஸ், எட்வர்ட் எலியட்ஸ் ரோடு; இன்றைய ராதாகிருஷ்ணன் சாலை. "இங்கேர்ந்து நடந்தே போயிடலாம்" என்றார் மாமா, ஐந்து சுற்றில் ஒன்றைக்கூட முழுசாக நடக்காதவர்.

"பொறந்தது லாகூர்" என்றார் ஃபிசிக்ஸ் சார்.

"ராதாகிருஷ்ணன் சாலை மயிலாப்பூரா, என்ன?" என்றார் பேங்க்காரர். எல்லைச் சண்டை மறுபடி முதலிலிருந்து.

இவ்வளவு நேரமும் பேசாமல் வந்த தமிழ் டீச்சர் அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார். அவருக்குப் பிடித்தது 'அரைவல்'. 2016ல் வந்தது, டெட் சியாங் கதை. வேற்றுக் கிரகத்தார் வட்ட வட்டமாக ஜாங்கிரி பிழிந்ததுபோல் எழுதுகிறார்கள். அந்த மொழியைக் கற்றுக்கொள்ளும் பெண்ணுக்கு நேற்று, இன்று, நாளை மூன்றும் ஒரே சமயத்தில் தெரிய ஆரம்பித்துவிடுகிறது.

"ஒரு மொழி அப்படி இருக்க முடியுமா?" என்றான் பேரன்.

"ஏன் முடியாது? தமிழ்ல இருக்கே. வினைத்தொகை, எட்டாவது இலக்கணத்துல படிச்சிருப்பியே" என்றார் அக்கா. அவன் தாத்தாவைப் பார்த்தான். தாத்தா மரத்தைப் பார்த்தார். "ஊறின காய், ஊறுகிற காய், ஊறப்போற காய். மூணு காலமும் ஒரே சொல்லுக்குள்ள. தனியா காலம் காட்ற உறுப்பு எதுவும் இல்லாம. ஊறுகாய். உங்க படத்துல அந்தம்மா அவ்வளவு கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டதை உங்க பாட்டி ஜாடியில போட்டு மூடி வெச்சிருக்காங்க."

கூட்டம் நின்றுவிட்டது. ஃபிசிக்ஸ் சார் மெதுவாக, "அப்ப ஜாடியை உருவிட்டா கதை விழுமா?" என்று மூன்றாவது விதியைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் ஜாடி என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. கையில் துணிப்பை காலியாகத் தொங்கியது. மணி ஒன்பதே கால்.

தெற்கு மாட வீதிக்கு ஓடினேன். பூங்காவுக்கு வர ஆரம்பித்ததிலிருந்து நான் செய்த முதல் உடற்பயிற்சி அதுதான். மாவடு விற்ற அம்மா சாக்கை உதறி மடித்துக்கொண்டிருந்தார். அடியில் கிடந்த, காம்பு போன, நீள நீளமான ஒரு கிலோவை, "ஒனக்குன்னுதான் வெச்சிருந்தேன் சாமி" என்று கூசாமல் தள்ளிவிட்டார். வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக் கதவு திறந்தது. மனைவி பையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"ஒரு மணி நேரம்தான் கூட ஆச்சு…" என்று ஆரம்பித்தேன்.

"அங்க ஒரு மணி நேரம், இங்க ஏழு வருஷம்" என்றாள். "அலை வருமே, அந்த கிரகத்துல. அந்த சீன்ல நீங்க தூங்கிட்டிருந்தீங்க."