தனியொருவர் ரோலர் கோஸ்டர் ஏறுதல்: மூலனூரை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

மூலனூரைப் பற்றி எழுதப் புகுந்தோர் யாவரும், அவ்வூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நடக்கும் பருத்தி ஏலத்தையோ, வறண்ட காட்டிலும் மனம் கோணாமல் காய்க்கும் முருங்கையையோ, பக்கத்துக் கன்னிவாடியின் ஆட்டுச்சந்தையையோ விவரித்து முடித்து, தம் கடமை தீர்ந்தது என்று பேனாவை மூடிவிடுவது வழக்கம். இவ்வூரிலிருந்து ஓர் ஆள், கூட ஒருவரையும் அழைக்காமல், ரோலர் கோஸ்டர் ஏறுவதற்கென்றே பஸ் ஏறிப் போய், ஆசை தீர ஏறி இறங்கி, மறுநாள் வழக்கம்போல் வேலைக்கு வந்து நிற்பாரானால், அச்செயல் எவ்வகையைச் சார்ந்தது, அதற்குச் சாஸ்திர சம்மதம் உண்டா, ஊர் அதனை எவ்வாறு எடுத்துக்கொள்ளும் என்னும் விசாரணையில் இறங்குவதே இக்கட்டுரையின் பிரயோஜனம்.

ஆராய்ச்சிக்கு முதலில் லட்சணம் வேண்டும். ரோலர் கோஸ்டர் ஏறுதல் ஒன்றையே உத்தேசமாகக் கொண்டு, போகும்போதும் வரும்போதும் துணையின்றி, வேலைக்கு மட்டம் போட்டுச் செய்யும் குறும்பிரயாணமே ஈண்டு தனிப்பயணம் எனப்படும். நூல் விலை விசாரிக்கச் சென்னை போனவர் அப்படியே பூங்காவிலும் தலைகாட்டி வருவது இதில் அடங்காது. அது வியாபாரப் பிரயாணத்தின் எச்சம். மகனை அழைத்துப் போய், அவனுக்கு உயரம் போதாது என்று சிப்பந்தி தடுத்துவிட, ஐஸ்கிரீமோடு அவனைப் பெஞ்சில் உட்கார்த்திவிட்டுத் தகப்பனார் மாத்திரம் ஏறுவதும் அடங்காது; அது வேறொரு சாஸ்திரத்தில், பெரும்பாலும் வீட்டுக்குத் திரும்பிய பின் நடைபெறும் சாஸ்திரத்தில், ஆராயத்தக்கது. பனியன் கம்பெனி டூரையும் விலக்கிவிட வேண்டும். டைலர்களும் கட்டிங் மாஸ்டரும் செக்கிங் பெண்களுமாக ஒரு வேனை நிறைத்து மேட்டுப்பாளையத்துப் பிளாக் தண்டருக்கோ கொச்சி வொண்டர்லாவுக்கோ போய், ஈரத்துணிப் பையும் தூக்கக் கலக்கமுமாக விடியற்காலையில் வந்து இறங்கும் அந்த மகோற்சவத்தில் பிரதானமாவது வேனில் போடும் ஆட்டமும் வழியில் பிரிக்கும் பிரியாணிப் பொட்டலமுமேயன்றி, ரோலர் கோஸ்டர் அன்று.

இனி வரலாறு. ருஷியாவில் மரச்சட்டங்களால் மேடு கட்டி, அதன்மேல் நீர் ஊற்றி உறையவிட்டுப் பனிக்காலத்தில் சறுக்கி மகிழ்ந்ததையும், அந்த விளையாட்டைச் சக்கர வண்டியாக்கிப் பாரிஸ் நகரத்தார் 1817-இல் களித்ததையும் விரைந்து கடந்துவிடலாம். நமக்குரிய அத்தியாயம் 1884-இல் தொடங்குகிறது. அவ்வாண்டு நியூயார்க்கின் கோனி ஐலண்டு கடற்கரையில் லாமார்கஸ் தாம்ஸன் என்பவர், ஆளுக்கு ஐந்து சென்ட் கட்டணத்தில், மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில் மேடு பள்ளங்களில் உருண்டோடும் ஒரு வண்டியை ஓடவிட்டார். மூலனூர் மொபெட்டுகள் சந்தைச் சாக்கை ஏற்றிக்கொண்டே அதனைவிட வேகமாய்ப் போகும் என்று இளைஞர்கள் நகைக்கக்கூடும், நகைக்கட்டும். அவர்கள் அறிய வேண்டிய விஷயம் வேறு. இந்தத் தாம்ஸன், ரோலர் கோஸ்டருக்கு வருமுன், தையல் இல்லாத காலுறை பின்னுவதற்கு வழி கண்டு, இந்தியானா மாநிலத்து எல்கார்ட் என்னும் ஊரில் பின்னலாடைத் தொழில் நடத்திக் கணிசமாய்ப் பொருள் சேர்த்து, உடம்பு கெட்டு, தொழிலை விட்டு விலகியவர். அஃதாவது, அவர் ஒரு ஹோசியரிக்காரர். ஹோசியரி நடத்தியவருக்கு உடம்பு ஏன் கெட்டது என்பதற்கு வெளிநாட்டு ஆசிரியர்கள் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதலாம். ஷிப்மெண்ட் தேதிக்கு முந்தின வாரம் ஒரு பனியன் கம்பெனிக்குள் நுழைந்து பார்த்தவருக்கு அதில் விளங்காதது ஒன்றும் இல்லை. உயரத்துக்கு ஏற்றிவிட்டு, பிறகு கையை விட்டுவிடும் ஓர் இயந்திரத்தை ஆர்டர் பிடித்துத் தொழில் செய்த ஒருவரே காசாக்கிக் காட்டினார் என்பது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை.

மற்றொரு கட்சியாரும் உளர். மின்மோட்டார் வருமுன் கொங்குநாட்டுக் கிணறுகளில் ஓடிய கவலையே ரோலர் கோஸ்டரின் மூலம் என்பது அவர்கள் வாதம். காளைகள் சரிவான வாரியில் இறங்க, ஓட்டுபவர் வடத்தின்மேல் உட்கார்ந்து தம் எடையையும் கொடுத்துச் சரிய, கிணற்றிலிருந்து சால் மேலே வரும். பின்பு காளைகள் பின்னோக்கியே நடந்து வாரியின் தலைக்கு ஏறும். சரிவு இருக்கிறது, பூமியின் ஈர்ப்பு இருக்கிறது, அமர்ந்து சரியும் ஒற்றை ஆள் இருக்கிறார், வாய்விட்டுப் பாடுதலும் இருக்கிறது. பின்னோக்கி ஓடும் அம்சங்கூட இருக்கிறது. ஆயினும் இக்கட்சியை நாம் ஏற்பதற்கில்லை. கவலை ஓட்டியவர் காசு கொடுத்து வரிசையில் நிற்கவில்லை. அன்றியும் ஒவ்வொரு சரிவுக்கும் வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது. பயன் விளையும் செயலை விளையாட்டு என்று சொல்லுவது தர்க்கத்துக்கு அடுக்காது.

இடம் பற்றி அடுத்து. 2000-இல் கொச்சி அருகே வீகாலாந்து என்ற பெயரில் பூங்கா தொடங்கிய நிறுவனம், 2025 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே திருப்போரூர்ப் பக்கத்தில் வொண்டர்லாவைத் திறந்தது. அங்குள்ள தஞ்சோரா என்னும் ரோலர் கோஸ்டரில் வண்டி தண்டவாளத்தின் மேல் ஓடுவதில்லை. அடியில் தொங்கிக்கொண்டு ஓடுகிறது. ஏறியவர் கால் அந்தரத்தில் ஆடும். ஸ்விட்ஸர்லாந்துக் கம்பெனி ஒன்று 1992-இல் அமெரிக்காவில் முதன்முதல் அமைத்த இந்த ஜாதி, இந்தியாவுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. மூலனூரிலிருந்து சின்னத்தாராபுரம், கரூர், திருச்சி என்று போய் விடியலில் செங்கற்பட்டில் இறங்கினால், ஏறத்தாழ 400 கிலோமீட்டர். அங்கிருந்து திருப்போரூருக்கு டவுன் பஸ் தூரம்.

பயணத்தின் பெருஞ்சிக்கல் தூரமன்று, சொல்லிவிட்டுப் போவது. மூலனூர் பஸ் நிறுத்தத்தில் தோள்பையோடு ஒருவர் தனியே நின்றால், வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும் மாமன் முறைக்காரர் ஒருவர் கேட்கும் முதல் கேள்வி எங்கே என்பதன்று. "கூட ஆருங் மாப்ள?" என்பதே. ஆருமில்லை என்று சொன்னால் அவர் முகத்தில் தோன்றும் மாறுதல் கவனிக்கத்தக்கது: ஆஸ்பத்திரியா, கோர்ட்டா, வீட்டில் சண்டையா என்று மூன்று அனுமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் போகும். தனியே போவதற்கு இப்பக்கத்தில் கௌரவமான காரணம் ஒன்றுதான் உண்டு, அது முருகன். பழனிக்குத் தனியே நடந்து போகிறவனை யாரும் நிறுத்தி விசாரிப்பதில்லை. இங்கேதான் திருப்போரூர் கைகொடுக்கிறது. அவ்வூரில் கந்தசுவாமி கோயில் இருக்கிறது. சிதம்பர சுவாமிகள் திருப்பணி செய்து சந்நிதிமுறை பாடிய தலம். "திருப்போரூருங்க" என்று விடை சொல்லி, சிறிது நேரம் மௌனம் காத்தால் போதும். மாமா தாமே கன்னத்தில் போட்டுக்கொள்வார். பொய்யன்றோ என்று ஆட்சேபிப்பாருக்குச் சமாதானம் உண்டு. அசுரரோடு முருகன் திருச்செந்தூரில் கடலிலும் திருப்பரங்குன்றத்தில் நிலத்திலும் பொருதபின், ஆகாயத்தில் பொருத இடம் திருப்போரூர் என்பது ஐதிகம். ஆகாயத்தில் தலைகீழாய்ச் சுழன்று அலறுவதற்கு அந்த க்ஷேத்திரத்தைவிடப் பொருத்தமான இடத்தை எந்த நிறுவனமும் நிலப்பத்திரம் பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. காலையில் கோயிலையும் ஒருமுறை வலம் வந்துவிட்டால் குற்றம் முழுதும் நீங்கும்.

அச்சத்தைப் பற்றிய அத்தியாயத்துக்கு வருகிறோம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு நிலைக்களன் நான்கே என்று வரையறுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. ரோலர் கோஸ்டரை இவற்றுள் எதில் அடக்குவது? வண்டியில் பேயும் இல்லை, புலியும் இல்லை. செருப்பைக் கழற்று, கண்ணாடியைக் கழற்று, போனை வெளியே வை என்று அதட்டும் சிப்பந்தியை, தாசில்தாருக்கும் பணியாத காட்டுக்காரர்கள் மறுபேச்சின்றிப் பணிவதைக் காண்கையில், அவனே இறை என்று கொள்ளலாம் போலத் தோன்றும். ஆனால் வண்டி நகர்ந்ததும் அவன் கீழேயே நின்றுவிடுகிறான், அச்சமோ அதன் பிறகுதான் மிகுகிறது. நுணுகி நோக்கினால், இவ்வியந்திரத்தை அமைத்தவர்கள் செய்ததெல்லாம் அச்சத்தின் காரணங்களை ஒவ்வொன்றாய்க் களைந்ததே என்பது புலப்படும். ஜான் மில்லர் என்பார் 1919-இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, தண்டவாளத்தின் ஒரு முகத்தில் உருளும் சக்கரத்துக்கு எதிர்முகத்திலும் ஒரு சக்கரம் பிடித்துக்கொள்வதால் வண்டி கழன்று போக வழியில்லை. முழுவட்டமாய்ச் சுழல விட்டால் கழுத்து தாங்காது என்று கண்டு, வெர்னர் ஸ்டெங்கல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1976-இல் அச்சுழலை நீர்த்துளி வடிவுக்கு மாற்றினார். காரணம் முழுதும் நீங்கிய பின்னும் காரியம் மாத்திரம் குறையாமல் நிற்கிறது. நையாயிகர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ!

எண்வகை மெய்ப்பாடும் இரண்டு நிமிஷத்துக்குள் வந்து போவதை இங்கே பிரத்தியட்சமாய்க் காணலாம். வரிசையில் நிற்கும்போது பெருமிதம். தோளின்மேல் பூட்டு இறங்கி, அதைச் சிப்பந்தி ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு நகரும்போது மருட்கை. சங்கிலி 'டக், டக், டக்' என்று மேலே இழுக்க, கீழே ஆட்கள் சிறுத்துப் போகும்போது அச்சம். உச்சி தாண்டியதும் நகையும் அழுகையும் ஒரே குரலில். தலைகீழாகையில் மேல்சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட் பறந்து போகவே வெகுளி. இறங்கும்போது முழங்கால் மடங்கி, பின்னால் நிற்கும் பள்ளிக்கூடத்துப் பெண் கைகொடுத்துத் தூக்கிவிட நேர்வதால் இளிவரல். வெளிவாயிலைத் தாண்டி நான்கு அடி நடந்ததும் உவகை. கூட்டமாய்ப் போனவர்களுக்கு இந்த வரிசை முறையாக வாய்ப்பதில்லை. தான் பயப்படுவதற்கு முன்பே பக்கத்தில் இருக்கும் கட்டிங் மாஸ்டர் பயப்படுவதைக் கண்டு சிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அச்சம் ஆளுக்குக் கொஞ்சமாய்ப் பிரிந்து போய்விடுகிறது. தனியே ஏறுகிறவருக்கோ அது பங்காளி இல்லாத காடு. ஒரு சாணும் குறையாமல் முழுவதும் அவருக்கே பட்டாவாகிறது.

தனியாளுக்கு வரிசையில் கிடைக்கும் மரியாதையையும் சொல்ல வேண்டும். இந்த ஜாதி வண்டியில் வரிசைக்கு நான்கு இருக்கை. தமிழ்நாட்டுக் குடும்பங்களோ, பாட்டி கீழே பைகளைக் காத்துக்கொண்டிருக்க, மூவராய் வந்து ஏறும் இயல்புடையவை. "தனி ஆள் யாராவது இருக்கீங்களா?" என்று சிப்பந்தி குரல் கொடுக்கும் அக்கணம், மூலனூரில் சந்தேகத்துக்கு இடமாய் நின்ற அதே மனிதர், நூறு பேர் பார்க்க, கையை உயர்த்திக்கொண்டு முன்னே நடக்கிறார். தனியாய் இருப்பதற்காக ஒருவரை அழைத்து இடங்கொடுக்கும் ஸ்தாபனம் நாம் அறிந்தவரையில் இது ஒன்றே. இதனால் ஒரு விளைவும் உண்டு. இத்தகைய பூங்காக்களில் வண்டி இறங்கும் இடத்தில் ஒரு காமிரா வைத்திருப்பார்கள். வாய் பிளந்த கோலத்தில் எடுத்த படத்தை வெளியே வரும்போது விற்பார்கள். அந்த மூவர் அதை வாங்கிப் போய்ச் சட்டம் போட்டு மாட்டுவார்களானால், வேலூரிலோ காஞ்சிபுரத்திலோ ஒரு கூடத்தில், கண்ணை இறுக மூடிய ஒரு கொங்குநாட்டார் அக்குடும்பத்தின் நான்காமவராய் நிரந்தரமாய்த் தொங்கிக்கொண்டிருப்பார். விருந்தாளிகள் கேட்டால் அவர்கள் என்ன முறை சொல்லுவார்கள் என்பது உறவுமுறை ஆராய்ச்சியாளர்களின் பொறுப்பு.

எந்த இருக்கை சிறந்தது என்பது கடைசி விவாதம். கலியாணப் பந்தலிலும் வில்லுப்பாட்டிலும் முன்வரிசைக்கு இருக்கும் கௌரவத்தை இங்கும் எதிர்பார்த்துச் சிலர் முன்னே காத்து நிற்பர். காட்சி வேண்டுவோருக்கு அது சரி. ஆனால் வண்டியின் முன்பாதி உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கிய பிறகே கடைசி வரிசை உச்சிக்கு வருவதால், அது இழுபட்டு வேகத்தோடு எகிறுகிறது. இருக்கையை விட்டு உடம்பு மிதக்கும் சுகம் பின்னால்தான் அதிகம். இதற்கு வைத்திய சாஸ்திரமும் சாட்சி. அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த வார்ட்டிங்கர், மிச்செல் என்னும் இரு மருத்துவர்கள், சிலிக்கோனால் சிறுநீரகம் ஒன்று செய்து, உள்ளே மெய்யான கற்களையும் சிறுநீரையும் இட்டு, பையில் போட்டுக்கொண்டு, புளோரிடா டிஸ்னி பூங்காவின் பிக் தண்டர் மௌண்டனில் இருபது முறை ஏறி, 2016-இல் முடிவை வெளியிட்டனர். முன்னால் உட்கார்ந்தபோது கல் நகர்ந்தது 17 விழுக்காடு. பின்னால் உட்கார்ந்தபோது 64 விழுக்காடு. சிரிக்க வைத்துப் பின் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக்நோபல் பரிசு 2018-இல் இதற்குக் கிடைத்தது. அதிவேக வண்டிகளில் கல் அசைவதில்லை, குலுக்கலும் மிதமான வேகமும் உள்ளதே உத்தமம் என்பதும் அவர்கள் கண்டது. ஆதலால் தஞ்சோராவுக்கு இப்பலனை ஏற்றிச் சொல்ல நாம் துணியோம்.

ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரைக் குடித்து, கல்லடைப்புக்கு வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சி முள் கஷாயமுமாய்க் காலந்தள்ளும் இப்பகுதியில் இந்தச் செய்தி எவ்வாறு பரவும் என்று அறிய விரும்பி, பஸ் நிறுத்தத்து மாமாவிடம் இதனை விரிவாய் எடுத்துரைத்தோம். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, சதவிகிதங்களை இரண்டாம் முறையும் சொல்லச் செய்து கேட்டு, நெடுநேரம் யோசித்தார். கூட யார் வருவது என்று அப்போது கேட்கவில்லை. "ஏனுங் மாப்ள," என்றார், "அந்தக் கடைசி சீட்டுக்கு நேரமே போயித் துண்டு போட்டு வெச்சுக்கலாங்களா?"