இப்போ கேளுங்க சார்

"உட்காருங்க சார், ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே நண்பர் ஹெட்போனை நம் தலையில் மாட்டிவிடுவார். காபி வரும் என்று நம்பி வந்தவன் அதோடு தொலைந்தான்.

"இது கேம்ல ஒரிஜினலா வர்றது." கண்ணை மூடிக்கொள்வார். மரியாதைக்கு நாமும் மூடிக்கொள்ள வேண்டும். கொஞ்ச நேரம் ஒரு பாட்டு ஓடும். படக்கென்று நிற்கும். "இது நான் மாத்தினது. இப்போ கேளுங்க." அதே பாட்டு, அதே பாடகர், அதே டிரம். கண்ணைத் திறந்தால் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"நல்லா இருக்கு சார்" என்று தப்பிக்க முடியாது. எது நன்றாக இருக்கிறது, எந்த இடத்தில், எவ்வளவு என்று கேட்பார். "சத்தம் கொஞ்சம் கூடின மாதிரி..." என்று இழுத்தீர்களோ, முகம் சுண்டிவிடும். "சத்தம் ரெண்டுலயும் ஒண்ணுதான் சார், நானே சமமா வெச்சிருக்கேன். சிம்பலைக் கவனிங்க. முன்னாடி அந்த 'ட்ஸ்' மொட்டையா நிக்கும். இப்போ வால் தெரியும்." மறுபடி ஓடும். நாம் வாலைத் தேடுவோம். மறுபடியும் ஓடும். கடைசியில், வீட்டுக்குப் போனால் போதும் என்று, "ஆமா சார், வால் தெரியுது" என்று ஒரு பொய் சொல்வோம். "பார்த்தீங்களா, உங்களுக்குக் காது இருக்கு" என்று சந்தோஷமாக அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். அவர் மனைவி கெட்டிக்காரி. சமையலறையிலிருந்தே, பாட்டு ஆரம்பிக்கும் முன்பே, "ரெண்டாவதுதான் நல்லா இருக்கு" என்று குரல் கொடுத்துவிடுவார். ஒருதரம் கை தவறி ஒரே ஃபைலையே இரண்டு முறை ஓட்டிவிட்டு வாலைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். திரையில் ஃபைல் பெயர் எனக்குத் தெரிந்தது. சொல்ல மனசு வரவில்லை.

இத்தனை பாடும் வைஸ் சிட்டிக்காக. பிளேஸ்டேஷன் 2-க்கு 2002-இலும் கம்ப்யூட்டருக்கு அடுத்த வருஷமும் வந்த கேம். கதை நடப்பது 1986-இல், மயாமி சாயலில் ஒரு ஊரில். திருடிய காரில் ஏறினால் ரேடியோ பாடும். 1986-ஆம் வருஷத்துக் கார் ரேடியோ எவ்வளவு சுத்தமாகப் பாடியிருக்கும் என்று கேட்டால் பதில் வராது.

அந்த ரேடியோ பாட்டுகளை எடுத்துவிட்டு அதே பாட்டுகளின் சுத்தமான பதிவை வைக்கிற இந்த வேலை சாதாரண வேலை இல்லைதான். கேமுக்குள் ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரே நீளமான ஃபைல். பாட்டு, அறிவிப்பாளர் பேச்சு, போலி விளம்பரம் எல்லாம் ஒட்டிக்கிடக்கும். அறிவிப்பாளரோ பாட்டு ஆரம்பிக்கிற இடத்தில் அதன் மேலேயே பேசுகிற ஜாதி. பாட்டை எடுத்தால் பேச்சும் போய்விடும். இவர் பேச்சைத் தனியாக உரித்தெடுத்து, புதுப் பாட்டின் மேல் தைக்கிறார். ஃபிளாஷ் எஃப்.எம்.மில் டோனி என்ற பெண் மூச்சு விடுகிற ஓர் இடத்துக்காக ஒரு தீபாவளி லீவு முழுக்கப் போனது.

கேம் ஃபோல்டருக்குள் எம்பி3 என்று ஒரு ஃபோல்டர் உண்டு. நமக்குப் பிடித்த பாட்டுகளை அதில் போட்டால் தனி ஸ்டேஷனாகவே ஓடும். பிரவுசிங் சென்டர் பையன்களுக்கே தெரிந்த வழி. இவரிடம் சொன்னால், "அது சேர்க்கிறது சார். நான் பண்றது திருத்துறது."

பாட்டுகளை 24 பிட், 96,000 ஹெர்ட்ஸ் என்று காசு கொடுத்து வாங்குகிறார். சி.டி.க்கே 16 பிட், 44,100 போதுமானதாக இருந்தது. மனிதக் காது எட்டுவது அதிகபட்சம் 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அதுவும் இறங்கும். இவருக்கு மூக்குக்கண்ணாடி மாற்றியே நாலைந்து வருஷம் ஆகிறது. இதில் பெரிய கூத்து வேறு. கேமில் ஸ்டேஷன்கள் இருக்கும் ஏடிஎஃப் ஃபைல் வெறும் எம்பி3தான். ஒவ்வொரு பைட்டையும் 34 என்ற எண்ணால் புரட்டிப் போட்டு மறைத்திருக்கிறார்கள், அவ்வளவே. ஆக, வாங்கியது, உரித்தது, தைத்தது எல்லாம் கடைசியில் எம்பி3 ஆகித்தான் உள்ளே போக வேண்டும். "அப்போ கடைசியில எம்பி3தானே சார்?" என்று கேட்டுவிட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "முந்நூத்தி இருபது கேபிபிஎஸ் சார்" என்றார்.

கேம் விளையாடுகிறாரா? ரே லியோட்டா குரல் கொடுத்த டாமி வெர்செட்டி ஊரையே கொள்ளையடிக்கப் பிறந்தவன். இவர் கையில் அவன் சிக்னலில் நிற்கிறான். சுட்டால் பாட்டு கேட்காது, இடித்தால் கேட்காது, இறங்கினால் நின்றே போய்விடும். போலீஸ் காரில் பாட்டு வராது என்பதால் அதன் பக்கமே போவதில்லை. எஞ்சின் சத்தத்தையும் மெனுவில் பூஜ்யமாக்கிவிட்டு, கடற்கரை ஓரம் காரை நிறுத்தி உட்கார்ந்திருக்கிறான் அந்தக் கொலைகாரன். காலேஜ் படிக்கும் மகன் ஒருநாள் ஆசையாக உட்கார்ந்து ஒரே ஒரு வெடி போட்டான். வீட்டில் ரெண்டு நாள் பேச்சு இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவர் கட்சி. உரிமம் தீர்ந்தது என்று பிற்காலப் பதிப்புகளில் சில பாட்டுகளை வெட்டிவிட்டார்கள். மைக்கேல் ஜாக்சனும் அதில் போனார். காசு வாங்கிய கம்பெனி வெட்டியதை இவர் கைக்காசு போட்டு ஒட்டவைக்கிறார். அந்தப் பாட்டை மட்டும் எனக்கு ஒரே தடவைதான் போட்டுக் காட்டினார். வித்தியாசம் என்ன என்று அவர் கேட்கவில்லை.

ஆனால் போன மாதம் நான் போனது அப்பாவுக்கு ஆபரேஷன் தேதி குறித்தாயிற்று என்று சொல்ல. பாதி சொல்வதற்குள் ஹெட்போன் வந்துவிட்டது. டோனி மூச்சு விட்டது கேட்கிறது. எதிரே உட்கார்ந்து நான் பேசியது கேட்கவில்லை. இன்றுவரை என்ன ஆயிற்று என்று கேட்கவும் இல்லை. எனக்கு வருத்தம்தான்.

அடுத்து சான் ஆண்ட்ரியாஸ் என்ற கேமாம். அதில் ஒவ்வொரு பாட்டும் தொடக்கம், நடு, முடிவு என்று தனித்தனித் துண்டு. தொடக்கத்திலும் முடிவிலும் அறிவிப்பாளர் பேசுவதும் தனியாக உண்டு, பேசாததும் தனியாக உண்டு. எல்லாவற்றையும் முன்னே, பின்னே என்று போட்டுக் காட்டுவார். யாராவது அவரைப் பார்த்தால் நான் மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டேன் என்று சொல்லிவையுங்கள்.